பரணில் கிடக்கும் பித்தளைக் குழாய்



முன்னோர் கப்பலிலோ நில அளவைத் துறையிலோ பணியாற்றிய இல்லங்கள் சிலவற்றில், பழைய பித்தளைத் தொலைநோக்கி ஒன்று பரணில் கிடப்பதுண்டு. அதனை எடைக்குப் போடுவோரும் உளர். பெருவிலை கொடுத்து வாங்கிச் சேர்ப்போரும் உளர். இவ்வாறு சேர்ப்பது வீண் ஆடம்பரமா?

சேசு சபைக் குருவான ழான் ரிஷோ அடிகளார், 1688-இல் சயாமில் எழுந்த கலகத்திற்குப் பின் புதுச்சேரிக்கு வந்தவர். 1689 டிசம்பரில், பன்னிரண்டு அடி நீளத் தொலைநோக்கியால் வால்மீன் ஒன்றை ஆராயுங்கால், வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் ஆல்பா சென்டாரி விண்மீன் உண்மையில் இரண்டு எனக் கண்டார். கண்டதை எழுதியும் வைத்தார். வைகாசி முன்னிரவில் நம் மலைக்கோட்டையிலிருந்து தெற்கே நோக்கினால், அதே விண்மீன் அடிவானத்திற்குச் சற்று மேலே ஒளிரும்.

அவர் எழுதாது விட்டிருந்தால் அக்குழாயால் நமக்கென்ன பயன்? பழங்கருவிக்கு மதிப்புத் தருவது மெருகன்று. வைத்திருந்தவர் யார், எதற்குப் பயன்படுத்தினார் எனும் குறிப்பே. புதிதாய்ச் செய்த குழாயில் லண்டன் பெயரும் பழைய ஆண்டும் பொறித்து விற்பதும் உண்டு. ஆதலால் வாங்குவோர் பளபளப்பில் மயங்க வேண்டா. வைத்திருப்போர் புளியிட்டுத் தேய்த்துப் பொறித்த பெயரை அழிக்க வேண்டா. நூறாண்டு கடந்ததாயின், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் எவரும் அதனை வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது. வளைகுடாவிலுள்ள மகன் கேட்டாலும்தான்!

தாத்தாவை அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதி, அத்தாளைக் குழாயுடன் வையுங்கள். பிள்ளைகள் அதன்வழி நிலவைக் காணட்டும். கதிரவனை மட்டும் நோக்கலாகாது, கண்ணொளி போய்விடும்.