சுவர் வேண்டாம், கால் போதும்!

செஞ்சியைப் பற்றிப் பேச எழுந்துவிட்டு, தேசிங்கின் குதிரையை அவிழ்த்துவிடாமல் அமர்ந்த பேச்சாளர் அரிது. அடியேனும் அவிழ்த்துவிட்டவன்தான், மேடையிலும் விட்டேன், நாடகத்திலும் விட்டேன். இன்று குதிரை இளைப்பாறட்டும், தோழர்களே! ஆற்றோடு நடந்து கடற்கரைக்குப் போவோம்.

பாக்கம் மலைப் பக்கம் பிறந்து, செஞ்சிச் சீமையை நனைத்து, வீடூர் அணையிலே சற்றே தங்கி, சங்கராபரணி என்ற பெயர் தாங்கிப் புதுவைக் கடலைச் சேருகிறதே, அந்த ஆற்றுக்கு மற்றொரு பெயர் செஞ்சியாறு. கடலை நெருங்கியதும் கிளை பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்தாறு. அதன் கரையிலேதான் அரிக்கமேடு! ரோமாபுரியின் சாடிகள் வந்திறங்கிய துறை அது என்பதை 1945-ல் வீலர் மண்ணைத் தோண்டி மெய்ப்பித்தார்.

அந்தக் கழிமுகத்திலே இன்று கடலுக்குள் கை நீட்டி நிற்பவை எவை? இரு கற்சுவர்கள்! துறைமுகத்தின் வாய் அடைபடாதிருக்க வேண்டுமென்று 1980-களின் இறுதியில் எழுப்பப்பட்டவை. நோக்கத்தைக் குறை கூறவில்லை. ஆனால் கடலோரத்து மணல் கல்லைப்போல் கிடப்பதன்று; நடப்பது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்திலே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. வழியிலே சுவர்! தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. தேங்கிய மணலை வாரி வடக்கே ஊட்டுவதாகத் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுதினார்கள்! ஒழுங்காக ஊட்டினார்களா? புதுவையின் கடற்கரைச் சாலையோரம் கருங்கல் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

கடலுக்கு எல்லைக்கல் தெரியுமா? புதுவையைத் தாண்டினால் நமது விழுப்புரம் மாவட்டம். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். வலை உலர்த்திய மணற்பரப்பைக் கடல் தின்றது. அடுத்து வீட்டு வாசலைக் கேட்டது. துறைமுகத்தின் பயன் ஓரிடத்தில், துயரம் மற்றோரிடத்தில்!

இது செஞ்சிக்குப் புதிதன்று. 1690-ல் செஞ்சிக் கோட்டையிலே வீற்றிருந்த மராட்டிய மன்னர் இராசாராம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை! குண்டு விழுந்த ஊர்க்காரனைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அன்று குண்டு விழுந்த தூரம். இன்று மணல் அரிபடும் தூரம். கேளாமை மட்டும் மாறவில்லை.

"படகு கட்ட இடம் வேண்டாமா? மீன் இறக்கத் துறை வேண்டாமா?" என்று சீறுவார் ஒருவர். வேண்டும், ஐயா! சுவரா வேண்டும், காலா வேண்டும் என்பதே வழக்கு. அதே புதுவையில் 1866-ல் இரும்புக் கால்களின்மீது கடற்பாலம் ஒன்று நிறுவினார்கள். 1952-ன் புயல் அதைச் சாய்க்கும்வரை 86 ஆண்டுகள் கால்களுக்கிடையே அலையும் போயிற்று, மணலும் போயிற்று. பின்னர் எழுந்த கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்தது. மறைக்கவில்லை; தூண் துறைக்கும் சாவு உண்டு. ஆனால் அது தான் மட்டுமே விழுந்தது; அண்டை ஊர்களின் கரையை அழைத்துக்கொண்டு போகவில்லை.

கண்ணாடியிழைப் படகுக்கு நீர் இடுப்பளவு இருந்தால் போதும். அதற்கான துறையைத் திறந்த கடலின் அலைமுகத்திலே வைக்காதீர்; கழியின் அமைதியான ஓரத்திலே வையுங்கள். ஓதம் மிகவும் வற்றிய வேளையில் மூங்கிலை ஊன்றி ஆழம் பார்த்து, அந்த இடுப்பளவு நீர் கிடைக்கும் இடம்வரை மேடையை நீட்ட வேண்டும். நம் கரையில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே மிதக்கும் மேடை தேவையில்லை. அசையாத மேடையே போதும். சேற்றைத் தாண்டி உறுதியான மண்ணைத் தொடும்வரை தூண் இறங்க வேண்டும். குழாயால் நீரைப் பீய்ச்சி மணலை இளக்கினால் தூண் எளிதில் இறங்கும். சவுக்கு இங்கேயே மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படலாம். உப்புநீரில் கப்பற்புழு அதைத் துளைத்துத் தள்ளிவிடும். கான்கிரீட் தூணே நலம், உள்ளிருக்கும் கம்பியை உப்பு தீண்டாத அளவு பூச்சுக் கனம் இருக்குமானால். மேடை கார்த்திகை வெள்ளத்துக்கும் மேலே நிற்கவேண்டும். பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டால், மீறி எழும் நீர் மேடையைத் தூக்காமல் வழிந்துவிடும். கூடை சுமக்கும் தாய்மார் வழுக்காமல் நடக்கப் படியும் வேண்டும். இதைப் பொறியாளர்கள் மறந்தால் நினைவூட்டுவோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கழிமுகம் மணலால் மூடிக்கொண்டால் இந்தத் துறை அதைத் திறக்காது. தூர்வாரத்தான் வேண்டும், ஆண்டுதோறும். பெரிய விசைப்படகுக்கும் இது போதாது. அதைவிடக் கசப்பான உண்மை: தூண்டில் வளைவு வேண்டுமென்று கேட்பவர்களில் மீனவத் தோழர்களே முன்னே நிற்கிறார்கள். ஏன் நிற்கமாட்டார்கள்? தெற்கே இருப்பவன் வளைவு போட்டுக்கொண்டான். இவன் கரை கரைகிறது. இவனுக்கும் போட்டால் வடக்கே இருப்பவன் கதறுவான். ஊரை ஊருக்குப் பகையாக்கும் கல் அது.

இப்போது மரக்காணத்துக்கு வாருங்கள். கழுவெளி ஏரி கடலோடு கலக்கும் இடத்தில், இக்கரையில் அழகன்குப்பம், அக்கரையில் ஆலம்பரைக்குப்பம். அங்கும் மீன்பிடித் துறைமுகமென்று திட்டம் வகுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போயிற்று. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்ப்பரப்பு கழுவெளி. பறவைக்கு அறிவிப்புக் கிடைத்தது, மீனவனுக்கு? அவனுக்குத் துறை வேண்டும், மறுப்பவர் யார்! அதிகாரிகள் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஓதம் வற்றும் ஒருநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, இரு குப்பத்தின் நாட்டார்களோடும் அந்தக் கழியில் இறங்கி நடக்கட்டும். கல் லாரி வருமுன்னே நடக்கட்டும். வடக்கேயுள்ள குப்பத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டு நடக்கட்டும்.