நடைப்பிணங்களுக்கு எதிராக ஒரு துப்பாக்கி

செத்தவர் எழுந்து நடந்து, உயிரோடிருப்பவரைத் தின்ன வருவதாகப் புனையப்படும் 'ஸொம்பி'க் கதைகளில் மேனாட்டாருக்குப் பெருவிருப்பம் உண்டு. அத்தகைய ஆபத்து நேர்ந்தால் எந்தத் துப்பாக்கியைக் கையிலெடுப்பது என்று அங்கே விவாதிப்போரும் பலர். வேடிக்கையான கேள்விதான்; ஆயினும் நாமும் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் கவனிக்க வேண்டியது ரவை. எத்துணைச் சிறந்த றைபிளாயினும் அதற்கு இசைந்த ரவை கிட்டாவிடின் அது வெறுந்தடியே. ஆகவே, எங்கும் ரவை கிடைக்கும் சாதாரண வகையே மேலானது. அடுத்தது பாரம். நீரையும் உணவையும் உடன் சுமந்து நடப்பவனுக்கு இலேசான துப்பாக்கியே உதவும். தோளில் மாட்ட ஒரு பட்டை, குழலைத் துடைக்கக் கோல், துணி, எண்ணெய் ஆகியன இருந்தாற் போதும்.

ஆனால், துப்பாக்கி வாய்த்தால் உயிர் பிழைத்துவிடலாமா? ஜோர்ஜ் ரொமேரோ 1968 இல் வெளியிட்ட 'நைட் ஒவ் த லிவிங் டெட்' என்னும் திரைப்படம் இதற்கு விடை தருகின்றது. பென்சில்வேனியாவின் நாட்டுப்புற வீடொன்றில் ஏழு பேர் சிக்கிக்கொள்கின்றனர். பென் என்பவன் அங்கே ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கண்டெடுக்கின்றான். அது பழுதின்றி இயங்குகின்றது. பழுதுபட்டது மனிதர் உறவே. நிலவறையில் ஒளிவதா, மேலே நின்று காப்பதா என்னும் பிணக்கு முற்றுகின்றது. ஹரி கூப்பர் என்பவன் துப்பாக்கியைக் கைப்பற்ற, பென் அதனை மீட்டு அவனையே சுடுகின்றான். விடிந்ததும், பிணங்களை வேட்டையாடி வந்த கூட்டத்தார் பென்னையும் பிணமென்றெண்ணிச் சுட்டு வீழ்த்துகின்றனர்.

2011 மே மாதத்தில் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் இதே கற்பனையைக் கையாண்டு, புயல், வெள்ளம் முதலிய மெய்யான இடர்களுக்கு ஆயத்தமாகும் வழியை மக்களுக்குப் போதித்தது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 4 லீற்றர் நீர், கெடாத உணவு, மருந்து, பற்றரியில் இயங்கும் வானொலி, முக்கிய பத்திரங்கள், முதலுதவிப் பொருள்கள் என்று நீண்ட அப்பட்டியலில் துப்பாக்கி இடம்பெறவில்லை. குடும்பத்தார் பிரிய நேரின் எங்கே கூடுவது என்பதை முன்னரே தீர்மானிக்கும்படியும் அது வற்புறுத்தியது.

பென்னுக்கும் கூப்பருக்கும் வாய்க்காத அந்த அவகாசம் நமக்கு இன்று இருக்கின்றது. நீர் எங்கே, பத்திரங்கள் எங்கே, கூடுமிடம் எங்கே, ஆபத்து வேளையில் யார் சொல்லுக்கு இணங்குவது என்பவற்றை இன்றிரவு உணவருந்தும்போதே பேசித் தீர்மானித்துக்கொள்வோமாக.