பின்கட்டை இடித்தல் தகுமா?

பழைய மாளிகையொன்றைக் காத்தல் வேண்டும் என்பாரோடு வழக்கிடுவோர் இக்காலத்து அரியர். அம்மாளிகையின் பின்கட்டையும் காத்தல் வேண்டும் என்று சொல்லும்போதே வழக்குத் தொடங்குகின்றது. முகப்பின் தூண்களை வியந்து நோக்கிய கண்கள், கொல்லையிலே கூரை சரிந்து நிற்கும் அடுக்களைக் கட்டடத்தைக் கண்டவுடன், ‘இஃது எதற்கு?’ என்று வினவுகின்றன. அவ்வினாவைச் சார்லஸ்டன் நகரை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவில், கடலை அடுத்து அமைந்துள்ளது அந்நகரம். 1931 ஆம் ஆண்டில் அது தன் பழம்பகுதியில் 138 ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்பு வட்டாரமென வரையறுத்துச் சட்டஞ் செய்தது. அந்நாட்டில் இத்தகைய சட்டம் அதற்குமுன் இல்லை. கட்டடங்களின் புறத்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் ஒரு குழுவின் இசைவு பெறுதல் வேண்டுமென்று அது விதித்தது. ஆயினும், ‘இடித்தல் கூடாது’ என்று முற்ற மறுக்கும் அதிகாரம் அக்குழுவினர்க்கு 1966 இலேதான் வாய்த்தது.

அந்நகரத்துச் செல்வர் மனைகளில் அடுக்களையும் துணி வெளுக்கும் அறையும் பெருவீட்டினின்று விலகி நின்றன. அடுப்பின் வெம்மையும் நெருப்பச்சமுமே அதற்குக் காரணம். 1740, 1838, 1861 ஆம் ஆண்டுகளில் பெருந்தீ அவ்வூரை அழித்தமை கருதின் அவ்வச்சம் வீணன்று. ஆயின் அவ்வடுக்களையின் மாடியில் உறங்கினோர் யாவர்? அடிமைகளே. சமைத்தோரும், வெளுத்தோரும், குதிரை பேணினோரும், பிறர் பிள்ளைகளை வளர்த்தோரும் ஆகிய அவர்கள், கீழிருந்து புகையும் வெப்பமும் ஏறிவரும் சிற்றறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். முன்கட்டில் இருப்பது அவர்தம் உழைப்பு. அவர்தம் வாழ்வு இருந்தது பின்கட்டில். இதனை ஐயுறுவோர் எய்க்கன்-ரெட் மாளிகையின் கொல்லையைக் காண்க. 1820 அளவில் எழுந்த அம்மனையில் அடுக்களையும், வெளுப்பறையும், லாயமும், அவற்றின் மேலுள்ள அடிமை அறைகளும் இன்றும் நிற்கின்றன. 1995 இல் அதனைப் பெற்ற ஹிஸ்டாரிக் சார்லஸ்டன் பவுண்டேஷன் என்னும் நிறுவனத்தார், அதனைப் புதுக்கிப் பளபளப்பாக்காமல், சிதைவு மிகாதவாறு மட்டுமே பேணி வருகின்றனர். உரிந்த சுண்ணமும் மங்கிய வண்ணமும் அவ்வாறே உள்ளன. இது நமக்கு மிகவும் உவப்பான முறை.

மாணவராகிய நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. 2021 இல் சார்லஸ்டன் கல்லூரியின் வளாகத்தில், பழைய அடுக்களை ஒன்றின் அடுப்பு இருந்த இடத்தை அகழ்ந்தபோது, 1853 என்று பொறித்த சிறு செப்புவில்லை ஒன்று கிடைத்தது. அதன்மேல் ‘ஊழியன்’ என்று பொருள்படும் சொல்லும் ஓர் எண்ணும் இருந்தன, பெயர் இல்லை. பிறரிடம் கூலி வேலைக்கு அனுப்பப்பட்ட அடிமைகள் இத்தகைய வில்லையை வைத்திருத்தல் வேண்டுமென்பது அந்நகரத்துச் சட்டம். இடிந்த அடுக்களையின் அடியில் அகப்பட்ட இச்செம்புத் துண்டு சொல்லும் செய்தியை எந்த மாளிகையின் தூண் நமக்குச் சொல்லும்?

இனி, இடிக்க விழைவாரின் கூற்றையும் கேட்போம். 1886 இன் நிலநடுக்கமும், 1989 இன் பெரும்புயலும், ஓயாத ஈரக்காற்றும், கறையானும் அந்நகரத்துச் சுவர்களை நலிவித்தன என்பது மெய். உத்தரம் உளுத்த கட்டடம் அண்டை வீட்டுக் குழந்தையின்மேல் வீழ்ந்தால் வரலாறு பேசி என்ன பயன்? மோட்டார் வண்டிக்கெனப் பின்னாளில் எழுந்த தகரக் கொட்டகை இடிபட்டால் நாம் ஒரு துளிக் கண்ணீரும் உகுக்கமாட்டோம். பழையதெல்லாம் போற்றத்தக்கது என்பது நம் கொள்கையன்று.

ஆனால் ‘பழுதுற்றது’ என்னுஞ் சொல்லைச் சற்றே உரைத்துப் பார்த்தல் வேண்டும். பழுது தானாக வந்ததா, வருவிக்கப்பட்டதா? அக்காலத்துச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்தால் இணைக்கப்பட்டது. உட்புகுந்த ஈரம் அச்சாந்தின் வழியே வெளியேறும். பின்வந்தோர் கடினமான சிமெண்டைப் பூசவே, ஈரம் போக வழியின்றிச் செங்கல்லின் முகமே பெயர்ந்து உதிர்கின்றது. கூரையில் ஓர் ஓட்டையை அடைக்காது விட்டால் மீதி வேலையை மழை செய்யும். இருபது ஆண்டு ஓட்டை அடைக்காதிருந்து, இருபத்தோராம் ஆண்டில் ‘கட்டடம் காக்கும் நிலையில் இல்லை’ என்று விண்ணப்பிப்பது, நோயாளிக்கு மருந்தை மறுத்தவனே பாடைக்கு மூங்கில் வெட்ட விரைவது போலும். அந்நாட்டுச் சட்டவாணர் இதற்குப் ‘புறக்கணிப்பால் இடித்தல்’ என்று பொருள்படப் பெயரிட்டிருப்பது பொருத்தமே.

காப்போர் பக்கத்திலும் குற்றம் இல்லாமலில்லை. பழைய தெருக்கள் அழகுபெற்று விலையேறியபோது, அவற்றில் குடியிருந்த ஏழைக் கறுப்பர் பலர் வெளியேற நேர்ந்தது. அடிமைகள் வாழ்ந்த அறைகள் செப்பனிடப்பட்டு, ‘வண்டிக் கொட்டகை’ என்னும் இனிய பெயர் பூண்டு, விருந்தினர்க்கு வாடகைக்கு விடப்படுவதும் உண்டு. சுவரைக் காத்துப் பெயரை இடிப்பதும் ஒருவகை இடிப்பே. 2010 இல் அவ்வூரைச் சார்ந்த ஜோசப் மக்கில் என்பார் இத்தகைய அறைகளைத் தேடிச்சென்று அவற்றில் இரவு தங்கும் இயக்கத்தைத் தொடங்கினார். தரையிற் படுத்துறங்கும் ஒருவர், அது யாருடைய அறை என்பதை ஊரார்க்கு நினைவூட்டுகின்றார்.

ஆகலின் நமது கருத்து இதுவே. பொருளில்லாத உரிமையாளர்க்கு ஊர்ப்பணத்திலிருந்து உதவுதல் வேண்டும். முழுச் சுமையையும் அவர் தலைமேல் ஏற்றுதல் அறமன்று. இடிவது தவிர்க்கவொண்ணாததாயின், அளந்து வரைந்து, படமெடுத்து, தரையை அகழ்ந்து பார்த்த பின்னரே கடப்பாரை தொடுதல் வேண்டும். அளந்து வரையும் பணியை அந்நாட்டரசு 1933 முதலே ஒரு துறையாக நடத்தி வருகின்றது. ஆயினும் வரைபடம் கட்டடத்துக்கு ஈடாகாது. பொருளிருந்தும் இடிக்க விண்ணப்பிப்பாரிடமோ, குழுவினர் தாமே ஏற்படுத்திய பொறியாளரை அனுப்புவதோடு, சென்ற பத்து ஆண்டுகளில் அக்கூரையைச் செப்பனிட்ட செலவுக் கணக்கையும் கேட்டல் வேண்டும். கணக்கு இல்லையாயின் விண்ணப்பத்தை அன்றே திருப்பிவிடலாம்.