வண்டி எங்கே நிற்கும்?

கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பழைய கார் சந்தையில் காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு சந்தையையே சீர்குலைக்கும் என்பது அதன் சாரம். 2001-இல் அவர் நோபல் பரிசு பெற அந்த ஆய்வு வழிவகுத்தது. இத்தனையும் கற்பித்த நான், ஓய்வுக்காலப் பணத்தில் சென்னைப் புறநகரில் வீடு வாங்கியபோது, தகவல் இல்லாத அந்த வாங்குபவராகவே நின்றேன்.

முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று பார்த்தேன். தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டினேன். குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைக்கூடச் சோதித்தேன். 'கார் நிறுத்த இடம் உண்டா?' என்றும் கேட்டேன். 'உண்டு' என்றார்கள். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால், எந்த இடம், எத்தனை அடி அகலம், எவர் வண்டியைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் பார்க்கச் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். எவரும் குடியேறாத கட்டடத்தின் தூண் தளம் விசாலமாகத்தான் தெரிந்தது.

குடியேறிய பிறகு உண்மை புரிந்தது. எட்டு வீடுகளுக்கு எட்டுக் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. என்னுடையது சுவரோரம், அதை மறித்தபடி இன்னொருவருடையது. அவர் வண்டியை நகர்த்தினால்தான் என் வண்டி வெளியேறும். ஓர் இரவு என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, முன்னால் நின்ற காரின் உரிமையாளர் சொந்த ஊருக்குச் சென்றிருந்தார். சாவி அவரிடம் இருந்தது. ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. ஆனால் தெருவின் இருபுறமும் கார்கள் நின்றதால் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. அண்டை வீட்டார் மூவர் உதவ, அவரை நாற்காலியில் வைத்துத் தெருமுனை வரை தூக்கிச் சென்றோம். அவர் நலமடைந்தார். ஆனால், கட்டடத்துக்குள் இடமின்மையும் தெருவில் இடமின்மையும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதை அன்றிரவு நான் கற்றேன்.

இது தனிமனிதக் கவனக்குறைவு மட்டுமன்று. சென்னையின் உட்தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்து, அதே மனையில் ஆறு அல்லது எட்டு வீடுகள் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் எட்டுக் குடும்பங்கள் வருகின்றன. தெருவின் அகலம் மட்டும் மாறுவதில்லை. உள்ளே நிற்க இயலாத வண்டி தெருவுக்கு வருகிறது. கட்டுநர் மிச்சப்படுத்திய இடத்தின் விலையைத் தெருவில் வாழும் அனைவரும் செலுத்துகிறார்கள். இதைத்தான் பொருளாதாரத்தில் புறவிளைவு என்கிறோம். இலவசமாகத் தெரியும் வாகன நிறுத்தத்துக்கு உண்மையில் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளில் சேர்க்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடமே அச்சட்டத்தின்படி 'கேரேஜ்'. அதற்கு முன்பே, 2010-இல், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், தூண் தள நிறுத்துமிடத்தையும் திறந்தவெளி நிறுத்துமிடத்தையும் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், 'கார் பார்க்கிங்' என்ற பெயரில் சில லட்சங்களைத் தனியே பெற்றுக்கொண்டு, ஒதுக்கீட்டுக் கடிதம் ஒன்றை மட்டும் கொடுக்கும் பழக்கம் மறையவில்லை. அண்டை வீட்டாருடன் தகராறு வரும்போதுதான் அந்தக் கடிதத்தின் பலவீனம் தெரிகிறது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. மனைப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாத திட்டங்களும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களும் அந்த மத்தியச் சட்டத்தின்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்ட் மனை என்பது ஏறத்தாழ 446 சதுர மீட்டர். அதாவது, இட நெருக்கடி மிகுந்த சிறிய கட்டடங்களே பதிவு வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. என் வீடும் அவற்றுள் ஒன்று.

ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உள்ளது. குடியிருக்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்த இடம் இருப்பதைக் காவல் துறையிடம் மெய்ப்பித்தால்தான் பொதுவாகக் காரைப் பதிவு செய்ய முடியும். பொதுப் போக்குவரத்து முழுமை பெறாத நம் நகரங்களில் அதை அப்படியே நடைமுறைப்படுத்தச் சொல்வது பொருந்தாது. ஆனால், அரசுக்கு அதிகச் செலவில்லாத ஒரு சீர்திருத்தம் இயலும். எண்ணும் அளவும் குறித்த வாகன நிறுத்த வரைபடத்தை, சிறிய கட்டடங்கள் உள்பட, ஒவ்வொரு விற்பனை ஒப்பந்தத்துடனும் இணைப்பதைக் கட்டாயமாக்கலாம். தகவல் ஏற்றத்தாழ்வுக்குத் தகவலே மருந்து.

அதுவரை வாங்குபவர்தான் விழிப்புடன் இருக்க வேண்டும். கட்டடத்தைப் பகலில் ஒரு முறையும், இரவு பத்து மணிக்கு ஒரு முறையும், பெருமழைக்கு மறுநாள் ஒரு முறையும் பாருங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் 2024 அக்டோபரில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்கள், தூண் தளத்தில் தண்ணீர் புகும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் தேவை. சிறிய காரே ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம் கொண்டது. கதவைத் திறந்து இறங்கவும் இடம் வேண்டுமல்லவா? தூண்களுக்கு இடைப்பட்ட அகலம், வண்டி திரும்பும் இடம், சரிவுப் பாதை ஆகியவற்றை அளந்து பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது நிறுத்துமிடமாகவே காட்டப்பட்டுள்ளதா என்று ஒப்பிடுங்கள். இன்று கார் இல்லாதவர்களும் இதைப் பார்க்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம்.

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும் வீட்டின் ஆவணங்களைக் காட்டி என் கருத்தைக் கேட்டார். ஆவணங்களைப் படிக்குமுன், ஓர் அளவுநாடாவை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். தமக்குச் சொல்லப்பட்ட இடத்தில் தூண்களுக்கு இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை என்று தொலைபேசியில் சொன்னார். கட்டுநரிடம் பேசி வேறு இடம் பெற்று, அதன் எண்ணையும் அளவையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்த பிறகே முன்பணம் கொடுத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பில் சொன்னதை, அந்த அளவுநாடா எளிதாகச் சொல்லிவிட்டது.