தராசுக்கு அந்தப் பக்கம் எப்போது நிற்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படாமல் கடைசி வரை வாசியுங்கள்.

உலகின் முதல் பெண் பிரதமர் நம்ம இரத்தினபுரியில் பிறந்தவர். 1960இல் சிறிமாவோ அம்மையார் பதவியேற்றார். 1964 ஒப்பந்தத்தால் தோட்ட மக்களுக்கு அவர்மேல் உள்ள மனத்தாங்கல் வேறு கதை. நாங்கள் கேட்பது இதுதான்: நாட்டையே ஆண்ட பெண் பிறந்த இந்தச் சப்ரகமுவவில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைப் பிடிப்பது இன்றைக்கும் ஏன் பெரும்பாலும் ஆண்தான்?

கொழுந்து எடுப்பவர்களில் அநேகம் பேர் பெண்கள். ரப்பர் மலையில் பால் வெட்டுவதிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, சங்கத் தலைவர் என்று மேலே போகப் போகப் பெண்ணைத் தேடத்தான் வேண்டும். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான். மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளாக இருந்த பிரசவ லீவு 84 நாளானது 2018இல். சட்டம் மெதுவாகவாவது நகர்கிறது. நாங்கள்தான் நகரவில்லை.

"பொம்பள மேல போனா வீட்ட யார் பாக்குறது?" என்பார்கள். விடியற்காலை பெரட்டுக்கு ஓடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிள்ளை மடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டு மழையில் மலை ஏறும்போதும் கேட்பதில்லை. கங்காணி வேலை கேட்டால் மட்டும் வீடு ஞாபகம் வருகிறது. அப்படியென்றால் பிரச்சினை வீடு இல்லை, பதவி.

தோட்டத்தைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தை மறைப்பது நியாயமில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் பெண்கள்தான் அதிகம். அதிபர் சேவைப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினால், "கூட்டம், வலயக் கந்தோர் என்று அலையணும், உங்களுக்குச் சரிவராது டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டு நாங்களும் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தக் குற்றம் எங்களுடையது.

நம் முஸ்லிம் வீடுகளிலும் இதே கதைதான். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகளை, "தூரம், மாப்பிள்ளை வீட்டார் விரும்பமாட்டார்கள்" என்று நிறுத்துகிறோம். பிறகு அதே வீட்டில் ஒரு பிரசவம் என்றால், "லேடி டொக்டர்தான் வேணும்" என்று ஊரெல்லாம் தேடுகிறோம். அந்த டொக்டரும் ஒரு வாப்பாவின் மகள்தானே? அவர் தடுத்திருந்தால்?

கதீஜா நாயகி (ரழி) அவர்கள் வியாபாரம் நடத்தியவர்கள். நபி (ஸல்) அவர்களே அவர்களுடைய சரக்கைக் கொண்டு சென்றார்கள். இதைப் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே கேட்பது மூன்றே மூன்று. தோட்டத்தில் அடுத்த கங்காணி இடம் காலியாகும்போது, பல வருஷம் கொழுந்து எடுத்த ஒரு பெண்ணின் பெயரையும் சங்கம் முன்வைக்கட்டும். அடுத்த அதிபர் பரீட்சைக்கு எங்கள் ஆசிரியைகள் விண்ணப்பிக்கட்டும், அந்த மாதங்களில் வீட்டு வேலையில் பாதியைக் கணவர்மார் எடுக்கட்டும். மகளின் படிப்பை நிறுத்த நினைக்கும் வாப்பாமார், முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அளவில் குறைப்பவர்களைக் கண்டிக்க குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. கொழுந்தில் ஒரு கிலோ குறைத்தால் பாவம் என்கிறோம். ஒரு பெண்ணின் தகுதியைக் குறைத்து நிறுத்தால் அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.