வரியை ஏற்றுமுன் வரைபடத்தைப் போடுங்கள்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். யார் தலையில் ஏறியது? ஏற்கனவே பதிவேட்டில் இருப்பவர் தலையில்! பதிவேட்டிலேயே இல்லாத மாடிக்கு எத்தனை சதவீதம் ஏற்றினாலும் பூஜ்யம்தானே?

திருவண்ணாமலையையே பாருங்கள். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்ற வருகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வீடு லாட்ஜ் ஆகும், ஒரு மாடி மூன்று மாடியாகும். பதிவேடு சீக்கிரமே பழசாகிவிடும். 2024-இல் சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி வேறு ஆக்கியாயிற்று.

காசில்லை என்ற சாக்கு செல்லாது. 2002-இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இரண்டுமே இலவசம். செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒவ்வொரு கூரையாக வரைந்து, வரிவிதிப்பு எண்ணைக் கோத்துவிட்டால் போதும். கோயில், பள்ளி போன்றவை போக, எண் இல்லாத கட்டடங்கள் பல்லிளிக்கும். (படத்தில் கூரைதான் தெரியும், மாடியை எண்ண ஆள் நடந்தே ஆகவேண்டும். பில் கலெக்டர்கள் பயப்பட வேண்டாம்!)

ஆனால் வரைந்ததை அலுவலகக் கணினியில் பூட்டி வைத்தால் பயனில்லை. உரிமையாளர் பெயர் வேண்டாம். கட்டடத்தின் பரப்பும் வகையும் ஊராருக்குத் தெரியட்டும். எதிர்வரிசை லாட்ஜ் 'குடியிருப்பு' என்று பதிவாகியிருந்தால் ஓட்டு வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? அந்தக் கேள்விக்குப் பயந்தவர்களுக்குத்தான் மென்பொருள் கஷ்டமாகத் தெரிகிறது.

முதலில் கிரிவலப் பாதையை மட்டும் எடுக்கலாம். 14 கிலோமீட்டர்தான்.