மதிப்பெண் தாளும் எடைக்கருவியும் போதாது

மைசூரு மாவட்ட மனநலத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

நம் ஊர் மாணவர்கள் 1600 பேரிடம் வினாத்தாள் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் உணவுக் கோளாறுக்கு ஆளாகக்கூடும் என்றது அது. இதைக் கேட்டுப் பதறுகிறவர்களும் சரி, மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களும் சரி, வினாத்தாள் என்ற சல்லடையில் தங்கியதையெல்லாம் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ‘ஈட்-26’ வினாத்தாள் 1982இல் கனடாவில் உருவானது. 20 மதிப்பெண் அதன் எல்லை. சர்க்கரை சேர்ந்ததைத் தவிர்ப்பீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. வீட்டில் பாதிப் பேருக்கு நீரிழிவு என்பதால் சர்க்கரையில்லாத காபிக்குப் பழகிய பெண் ‘எப்போதும்’ என்று குறித்தால் மூன்று மதிப்பெண் ஏறிவிடும். ஏகாதசி, சனிக்கிழமை விரதக்காரிக்கு இன்னும் கூடலாம். வட இந்திய ஊர் ஒன்றில் 580 பள்ளி மாணவிகளிடம் ஆய்வாளர்கள் கிங்கும் புக்ராவும் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில் 29 விழுக்காட்டினர் எல்லையைத் தாண்டினர். சில கேள்விகளை மாணவிகள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டதும் விரதப் பழக்கமும் எண்ணிக்கையை உயர்த்தியிருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

அப்படியானால் எடையைப் பார்த்தால் போதுமா? உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப்பட்டியல், உணவை ஒதுக்கி மெலியும் அனோரெக்ஸியா என்ற கோளாறுக்குப் பெரியவர்களில் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 18.5க்குக் கீழ் என்று கோடு போடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 18.7 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். பலருக்குக் காரணம் வறுமை. மறுபுறம், எடை சரியாக இருந்தும் தினமும் வாந்தியெடுக்கும் பெண்ணுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைத் தேடினாலும் சிலர் நழுவுவார்கள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1993இல் விவரித்த 70 அனோரெக்ஸியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்தப் பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பதே அவர்கள் சொன்னது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995இல் பதிவுசெய்த ஐந்து பெண்களும் ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 2013இல் தன் நோயறிதல் கையேட்டைத் திருத்தி, அனோரெக்ஸியாவுக்கு மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தையே போதும் என்றது.

ரத்தசோகையும் ஊட்டக்குறைவும் இருக்கிற மாவட்டத்தில் இதற்கு நேரமேது என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மெலிவு சாதாரணமாகிவிட்ட இடத்தில்தான் மெலிவுக்குள் மறைந்த நோயைப் பிரித்தறிவது கடினம். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் அதைத் தேட யாருமில்லை. மனநல மருத்துவர்கள் குறைவு என்பதும் உண்மை. அதனால்தான் எல்லோரையும் அவர்களிடம் அனுப்பச் சொல்லவில்லை. கல்லூரிகளில் வினாத்தாள் தரும்போது, எல்லையைத் தாண்டியவர்களிடமும், மதிப்பெண் குறைந்திருந்தாலும் எடை வேகமாக இறங்கியவர்களிடமும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசட்டும். ஏன் சாப்பிடவில்லை, விரதம் முடிந்த மறுநாள் இயல்பாகச் சாப்பிட முடிகிறதா, சாப்பிட்டபின் வாந்தியெடுப்பதுண்டா என்று அவர் கேட்க வேண்டும். கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் கேட்க ஆள் வேண்டும். வாந்தி என்று தெரிந்தால், எடை எவ்வளவு இருந்தாலும், அன்றே பொட்டாசியம் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்க உத்தரவிடுங்கள்.